பெங்களூரு பெரிய டெக் கம்பெனி ஆஃபர்: உள்ளே வேலை எப்படி? தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் சொல்லுங்க

செட்டிகரை_பாய்ஸ்

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். தர்மபுரி அரசு பொறியியல் கல்லூரி, கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். பெங்களூருவில் ஒரு பெரிய அமெரிக்க ப்ராடக்ட் கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. லெட்டரில் மொத்தம் 25.08 லட்சம் என்று போட்டிருக்கிறார்கள். பிரித்தால் இப்படி:

நிலையான சம்பளம் 16 லட்சம் (கம்பெனி பங்கு பிஎஃப் இதற்குள்ளேயே, பேசிக் பாதி). வருட போனஸ் 10%. ஜாயினிங் போனஸ் 2 லட்சம். ஆர்எஸ்யூ (பணமாக இல்லாமல் கம்பெனிப் பங்காகத் தருவது) 24,000 டாலர், 4 வருடத்துக்கு, டாலர் 85 ரூபாய் கணக்கில். மீதி கிராஜுவிட்டி.

வீட்டில் மாதம் இரண்டு லட்சம் வரும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கைக்கு எவ்வளவு வரும்? ஓசூரில் ரூம் எடுத்துப் போய் வர முடியுமா? ஆன்-கால் என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன? உள்ளே போனதும் முதலில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

மண்டிக்கணக்கு

வாழ்த்துகள் தம்பி. முதல் கேள்விக்கு மட்டும் என் பதில்.

16 லட்சத்தில் பேசிக் 8 லட்சம். அதில் 12% கம்பெனி பிஎஃப், 96,000 ரூபாய். அது போனால் உன் பேஸ்லிப்பில் வரும் மொத்தம் 15.04 லட்சம், மாதம் 1,25,333. இதிலிருந்து உன் பங்கு பிஎஃப் 8,000 போகும். 2025-26 புதிய வரிமுறையில் 75,000 கழிவு போக வரிக்குரியது 14.29 லட்சம், வரி 94,350, செஸ் சேர்த்து 98,124, மாதத்துக்கு 8,177. கர்நாடகா தொழில் வரி 200. மிஞ்சுவது 1,08,956. ஆக 25 லட்சம் ஆஃபருக்கு மாதம் 1 லட்சத்து 9 ஆயிரம். வீட்டில் இந்த எண்ணைச் சொல். பெட்ரோல், சாப்பாட்டுக் கூப்பன், மெடிக்கல் இன்ஷூரன்ஸ் டாப்-அப் என்று எதையாவது டிக் பண்ணினால் இன்னும் குறையும்.

மற்றதெல்லாம் எப்போது வரும் என்று பார்:

போனஸ் 10% என்பது இலக்கு, உறுதி இல்லை. உன் ரேட்டிங்கும் கம்பெனி லாபமும் பெருக்கப்பட்டுத்தான் வரும். வருட நடுவில் சேர்ந்தால் சேர்ந்த மாதங்களுக்கு மட்டும். குறிப்பிட்ட தேதிக்குப் பிறகு சேர்ந்தால் அந்த வருடம் ஒன்றும் கிடையாது என்று சில இடங்களில் விதி உண்டு. அந்தத் தேதியை எச்ஆரிடம் மெயிலில் கேட்டு வாங்கு.

ஜாயினிங் போனஸ் முதல் சம்பளத்தோடு வரும், வரி பிடித்துத்தான் வரும். ஒரு வருடத்துக்குள் விலகினால் திருப்பிக் கேட்பார்கள். கேட்கும்போது வரி பிடிக்கும் முன் இருந்த முழு 2 லட்சத்தையா, கைக்கு வந்ததையா, மீதி மாதங்களுக்கு மட்டுமா? லெட்டரில் ஒரே ஒரு வரி இருக்கும், அதைத் தேடிப் படி.

கிராஜுவிட்டி 38,480 (பேசிக்கில் 4.81%). நிரந்தர ஊழியர் 5 வருடம் முடித்தால்தான் கையில் வரும். முன்னாடியே போகிறவனுக்கு அது லெட்டரில் மட்டும் இருக்கிற பணம்.

ஆர்எஸ்யூ தனிக் கதை, யாராவது எழுதுங்கள்.

பிஎஃப்பில் ஒரு விஷயம். முதல் வேலை, பேசிக் 15,000-க்கு மேல் என்றால் நீ பென்ஷன் திட்டத்தில், அதாவது இபிஎஸ்ஸில், சேர முடியாது. 2014 செப்டம்பரிலிருந்து அதுதான் விதி. கம்பெனியின் 12% முழுவதும் பிஎஃப் கணக்குக்கே போக வேண்டும். சில பேரோல் ஆட்கள் பழக்க தோஷத்தில் மாதம் 1,250-ஐ இபிஎஸ்ஸுக்குத் தள்ளிவிடுவார்கள். அப்போது ஒன்றும் தெரியாது. அடுத்த கம்பெனிக்கு மாறி டிரான்ஸ்ஃபர் போடும்போது கிளெய்ம் திரும்பி வரும், பழைய கம்பெனி எச்ஆரைத் துரத்த வேண்டியிருக்கும். முதல் இரண்டு மாதத்துக்குள் பாஸ்புக்கைத் திறந்து பென்ஷன் நெடுவரிசையில் பூஜ்யமா என்று பார். ஏற்கனவே குறைந்த சம்பளத்தில் எங்காவது வேலை பார்த்து இபிஎஸ் உறுப்பினராக இருந்தால் மட்டும் கணக்கு வேறு.

அட்டிபெலே_எல்லை

ஓசூர் கேள்விக்கு: ஆஃபீஸ் எங்கே என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது.

எலக்ட்ரானிக் சிட்டி என்றால் தாராளமாக முடியும். 2025 ஆகஸ்டில் மெட்ரோ மஞ்சள் பாதை பொம்மசந்திரா வரை வந்துவிட்டது. ஓசூரிலிருந்து பஸ்ஸிலோ பைக்கிலோ அட்டிபெலே, சந்தாபுரா தாண்டி பொம்மசந்திரா, அங்கிருந்து ரயில்.

ஆனால் அமெரிக்க ப்ராடக்ட் கம்பெனிகள் பெரும்பாலும் எலக்ட்ரானிக் சிட்டியில் இல்லை. பெல்லந்தூர், மாரத்தஹள்ளி வெளிவட்டச் சாலை, மகாதேவபுரா, ஒயிட்ஃபீல்ட், இப்படித்தான். வெளிவட்டச் சாலை என்றால் சில்க் போர்டில் இறங்கி பஸ் மாற வேண்டும், அந்தக் கடைசித் துண்டுதான் நேரத்தைச் சாப்பிடும். ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவிலேயே போகலாம்: மஞ்சள், பிறகு ஆர்.வி. ரோட்டில் பச்சை, மெஜஸ்டிக்கில் ஊதா. ஊரையே சுற்றிக் காட்டும். பைக் உள்ளவர்கள் அட்டிபெலேயிலிருந்து சர்ஜாபூர், வர்த்தூர் வழியாக ஒயிட்ஃபீல்ட் போகிறார்கள். மழைக்காலத்தில் வர்த்தூர் பக்கம் வேண்டாம்.

கம்பெனி கேப் இருக்கிறதே என்று நம்பாதே. கர்நாடகா நம்பர் மஞ்சள் போர்டு வண்டி தமிழ்நாட்டுக்குள் வர பர்மிட், வரி எல்லாம் வேண்டும். அதனால் பெரும்பாலான டிரான்ஸ்போர்ட் டெஸ்க் அட்டிபெலேயோடு நிறுத்திவிடும், சில இடங்களில் தூர எல்லை அதற்கும் முன்னாலேயே முடிந்துவிடும். சேரும் முன் "பிக்கப் எல்லை எதுவரை" என்று கேள்.

கிருஷ்ணகிரி டவுனிலிருந்து தினமும் என்றால் மறந்துவிடு. 90 கிலோமீட்டர், ரயிலும் கிடையாது.

தொப்பூர்_கணவாய்

ஓசூர் வேண்டாம் என்பேன். தூரத்துக்காகச் சொல்லவில்லை, மீட்டிங் நேரத்துக்காக. அமெரிக்க மேற்குக் கரையில் காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் இரவு 9:30, நவம்பர் முதல் மார்ச் வரை இரவு 10:30. அதனால் ராத்திரி மீட்டிங்கை எல்லாரும் வீட்டிலிருந்துதான் எடுப்பார்கள். 6 மணிக்குக் கிளம்பி 8:30-க்கு ரூம் சேர்ந்து, சாப்பிட்டு உட்கார்ந்தால் மறுபடி லேப்டாப். வாரம் மூன்று நாள் ஆஃபீஸ் என்று இருக்கிற இடத்தில் சமாளிக்கலாம். ஐந்து நாளும் வரச் சொல்கிற இடத்தில் முதல் வருடம் ஆஃபீஸ் பக்கத்திலேயே பிஜி பார்.

வருகையைக் கார்டு ஸ்வைப்பில்தான் எண்ணுகிறார்கள். சில இடத்தில் உள்ளே எத்தனை மணி நேரம் என்பதும் ரிப்போர்ட்டில் வரும். காபி குடித்துவிட்டுத் திரும்புகிற வித்தை ஒரு காலாண்டுக்கு மேல் ஓடாது.

பேஜர்_ராத்திரி

ஆன்-கால் பற்றி நீளமாகவே எழுதுகிறேன். ஆஃபரில் எழுதியிருக்காத, ஆனால் வாழ்க்கையை அதிகம் மாற்றுகிற விஷயம் இதுதான்.

ஒரு டீமில் ஆளுக்கு ஒரு வாரம் முறை வைத்து பேஜரை, அதாவது சர்வீஸ் விழுந்தால் போனில் அடிக்கிற அலாரத்தை, வைத்திருப்பார்கள். அடித்தால் எந்த நேரமானாலும் அந்த ஆள்தான் எழுந்து பார்க்க வேண்டும், அதுதான் ஆன்-கால். 8 பேர் இருந்தால் 8 வாரத்துக்கு ஒரு தடவை. 4 பேர்தான் என்றால் மாதத்துக்கு ஒரு வாரம் போய்விடும், அப்படிப்பட்ட டீமில் ஆள் நிற்க மாட்டார்கள், நிற்காததால் 3 பேர் ஆகும். டீம் மேனேஜரிடம் பேசும்போது கேட்க வேண்டியது: ரொட்டேஷனில் எத்தனை பேர், வாரத்துக்கு எத்தனை பேஜ், அதில் இரவில் எத்தனை, வேறு நாட்டு டீம் ராத்திரியைப் பங்கு போட்டுக்கொள்கிறதா. "எல்லாம் நார்மல்தான்" என்று எண் இல்லாமல் பதில் வந்தால் நிறைய என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்தவரை உடனே தனியாக விட மாட்டார்கள், மூன்று முதல் ஆறு மாதம் இன்னொருவர் நிழலில் வைப்பார்கள்.

ராத்திரி 2:40-க்கு அடிக்கிறது என்று வை. 5 நிமிடத்துக்குள் "பார்த்துவிட்டேன்" என்று அழுத்த வேண்டும், இல்லையென்றால் செகண்டரிக்கு (அந்த வாரம் உனக்கு அடுத்து நிற்கிற ஆளுக்கு) போகும், பிறகு மேனேஜருக்கு. அழுத்தியதும் எல்லாரும் செய்கிற தப்பு, ப்ரோக்ராம் கோட் ஃபைலைத் திறந்து பிழையைத் தேடுவது. அந்த நேரத்தில் காரணம் தேவையில்லை, ரத்தம் நிற்க வேண்டும். பிழை விகித கிராஃபைத் திற, ஏறத் தொடங்கிய நிமிடத்தைக் குறி. அந்த நிமிடத்துக்கு முன்னால் என்ன மாறியது? புது ரிலீஸ், கான்ஃபிக் (செட்டிங்), ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை ஆன்-ஆஃப் செய்கிற சுவிட்ச்), காலாவதியான சான்றிதழ், நமக்குக் கீழே இருக்கும் சர்வீஸ். இந்த ஐந்தில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ரிலீஸ் என்றால் யோசிக்காமல் பழைய பதிப்புக்குத் திருப்பு. சரியாகத் தெரியாவிட்டாலும் திருப்பு. காரணம் காலையில் பத்து மணிக்கும் அங்கேயேதான் இருக்கும்.

திருப்ப முடியாமல் போவது ஏன்? டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையை நீக்கியோ பெயர் மாற்றியோ அதே ரிலீஸில் ப்ரோக்ராமையும் மாற்றியிருப்பார்கள். பழைய கோட் அந்த நெடுவரிசையைத் தேடும், அது இருக்காது. அதனால்தான் ஸ்கீமா (டேட்டாபேஸ் அமைப்பு) மாற்றத்தைத் துண்டு துண்டாகப் போடச் சொல்கிறார்கள்: முதலில் புது நெடுவரிசையைச் சேர், அடுத்த ரிலீஸில் இரண்டிலும் எழுது, பழைய டேட்டாவை நிரப்பு, அதற்கடுத்து வாசிப்பை மாற்று, எல்லாம் சில வாரம் நின்ற பிறகு பழையதை நீக்கு. புதிதாக வருகிறவர்களுக்கு இது மந்தமான வேலையாகத் தெரியும். ராத்திரி 2:40-க்குத்தான் அருமை புரியும்.

இன்னொன்று ரீட்ரை வெள்ளம். ஒரு சர்வீஸ் கொஞ்சம் மெதுவானால் அதைக் கூப்பிடுகிறவர் மூன்று முறை முயற்சி செய்வார். அப்படி மூன்று அடுக்கு இருந்து ஒவ்வொரு அடுக்கும் மூன்று முறை என்றால் ஒரு பயனர் கிளிக் கீழே 27 அழைப்பாக இறங்கும். மூச்சுத் திணறுகிறவன் மேல் இன்னும் பத்து பேர் ஏறியது போல் ஆகும், எழவே எழாது. அதற்கு மருந்து: ஒரே அடுக்கில் மட்டும் ரீட்ரை, ஒவ்வொரு முறையும் காத்திருப்பை இரட்டிப்பாக்கி எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்ப வராதபடி அதில் கொஞ்சம் தாறுமாறு சேர்ப்பது, உள் அடுக்கின் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் எல்லை) வெளி அடுக்கை விடக் குறைவாக இருப்பது. வெளியே 2 விநாடி, உள்ளே 5 விநாடி என்று வைத்திருக்கிற ப்ரோக்ராம் எல்லா கம்பெனியிலும் எங்காவது இருக்கும். பயனர் போன பிறகும் சர்வர் வேலை செய்துகொண்டிருக்கும்.

செய்வதையெல்லாம் இன்சிடென்ட் சேனலில் (அந்தக் கோளாறுக்கான சாட் குழுவில்) நேரத்தோடு எழுது. "2:47 திருப்பத் தொடங்கினேன். 2:53 பிழை 11%-லிருந்து 3%." 15 நிமிடத்தில் வழி தெரியவில்லை என்றால் செகண்டரியை எழுப்பு, அதற்குத்தான் அவருக்கு முறை போட்டிருக்கிறது. எழுப்பாமல் ஒரு மணி நேரம் தனியாகப் போராடினவனைத்தான் மறுநாள் கேள்வி கேட்பார்கள்.

ஒரு கணக்கும் தெரிந்துகொள். 99.9% இயங்க வேண்டும் என்றால் 30 நாளில் 43 நிமிடம் விழலாம். 99.99% என்றால் 4 நிமிடம் 19 விநாடி. மனிதன் கண் விழித்து லேப்டாப்பைத் திறக்கவே 5 நிமிடம் ஆகும். ஆகவே நான்கு ஒன்பது (99.99%) என்று வாக்குக் கொடுத்திருக்கிற சர்வீஸில் புது ரிலீஸ் முதல் 1% டிராஃபிக்குக்குப் போகும்போதே தானாக அளந்து தானாகத் திரும்புகிற ஏற்பாடு இருக்க வேண்டும். அது இல்லாமல் ஆளை எழுப்பிச் சமாளிப்போம் என்கிற டீமா என்று பார்.

பாலக்கோடு_பேட்டரி

அண்ணன் சொன்னதோடு, ஆன்-கால் வாரத்தில் ஊருக்கு வந்து வேலை பார்க்க நினைக்கிறவர்களுக்கு. இங்கே தடுக்கி விழுவது கரண்டில்.

மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9-க்குப் போய் மதியம் 2 அல்லது மாலை வரை வராது. முன்னாலேயே பேப்பரில் போடுவார்கள், உங்கள் துணைமின் நிலையம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் முறை மாற்றிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ரூட்டருக்கு வைக்கிற குட்டி யூபிஎஸ்ஸில் 13,200 எம்ஏஎச் என்று போட்டிருக்கும். அது 3.7 வோல்ட் கணக்கு, 49 வாட்-அவர் பக்கம். ரூட்டரும் ஃபைபர் டப்பாவும் சேர்ந்து 12 வாட் இழுத்தால் இழப்பு போக மூன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பராமரிப்பு நாளுக்குப் போதாது. வீட்டு இன்வெர்ட்டர் 150 ஏஎச் பேட்டரி என்றால் பயன்படுவது 1,000 முதல் 1,100 வாட்-அவர். லேப்டாப் 65, மானிட்டர் 25, ரூட்டர் 15, ஃபேன் 70 என்றால் ஆறு மணி நேரம். பழைய பேட்டரிக்குப் பாதி போடுங்கள்.

இன்வெர்ட்டரின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும், நார்மல் அல்லது யூபிஎஸ் என்று. நார்மலில் வைத்தால் கரண்ட் போய் மாறுகிற நேரத்தில் ரூட்டர் அணைந்து எழும், மீட்டிங் அறுந்துவிடும். யூபிஎஸ்ஸில் வைத்தால் மாறியதே தெரியாது. ஆனால் அதில் 180 வோல்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரிக்குப் போய்விடும். மோட்டார் ஓடுகிற நேரத்தில் வோல்டேஜ் தாழ்கிற ஊர்களில் கரண்ட் இருக்கும்போதே பேட்டரி காலியாகும். அங்கே ஸ்டெபிலைசர் இல்லாமல் யூபிஎஸ் மோடு வேண்டாம்.

லைன் எடுக்கும்போது கேட்க வேண்டியது: எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை நடுவில் கரண்டில் ஓடுகிற டப்பா இருக்கிறதா? சுத்தமான ஜிபான் ஃபைபர் என்றால் நடுவில் பிரிக்கிற கண்ணாடித் துண்டு மட்டும்தான், கரண்ட் வேண்டாம். கேபிள்காரர் லைனில் பல இடத்தில் கம்பத்திலோ யார் வீட்டு மாடியிலோ ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். தெருவில் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் எவ்வளவு பேட்டரி இருந்தும் நெட் வராது. இரண்டாவது லைனுக்கு வேறு கம்பெனி சிம்மில் ஹாட்ஸ்பாட், அதுவும் ஆன்-கால் தொடங்கும் முன் விபிஎன் (ஆஃபீஸ் நெட்வொர்க்குள் நுழையும் வழி) வரை போட்டுச் சோதித்திருக்க வேண்டும்.

வத்தல்மலை

தம்பியின் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். முதலில் கற்க வேண்டியது எழுத. கோட் எழுதத்தான் எடுத்திருக்கிறார்கள், ஆனால் பெரிய கம்பெனியில் ஒரு முடிவு நடப்பது டாக்குமெண்டில்.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு மீட்டிங்கில் இங்கிலீஷ் பேசத் தயக்கம். எழுத்து அதைச் சரிக்கட்டும். அமேசானில் பவர்பாயிண்ட் கிடையாது, ஆறு பக்கம் வரை எழுதிய டாக்குமெண்டை மீட்டிங் தொடக்கத்தில் எல்லாரும் மௌனமாகப் படிப்பதுதான் வழக்கம். மற்ற பல கம்பெனிகளிலும் டிசைன் டாக்குமெண்டை முன்னாலேயே சுற்றுக்கு விடுவார்கள். பேச வாய் வராதவர் ஓரத்தில் நல்ல கமென்ட் ஒன்று போட்டால் மீட்டிங்கே அதைச் சுற்றி நடக்கும்.

டிசைன் டாக்குமெண்டில் புதியவர்கள் விடுவது இரண்டு: எதைச் செய்யப் போவதில்லை என்ற பகுதி, வேண்டாமென்று ஒதுக்கிய மாற்று வழிகள். இந்த இரண்டும் இல்லை என்றால் சீனியர்கள் கேட்கிற கேள்வி எல்லாம் அங்கிருந்துதான் வரும். மூன்றாவதாக எண். "நிறைய டிராஃபிக்" என்று எழுதாதே. விநாடிக்கு 400 அழைப்பு, உச்சத்தில் 1,200, ஒன்று 2 கேபி, ஒரு நாளைக்கு எவ்வளவு சேமிப்பு, மாதம் என்ன செலவு.

கோட் ரிவியூ: ஒரு மாற்றம் 200 வரிக்குள் இருந்தால் அன்றே பார்ப்பார்கள். 1,500 வரி அனுப்பினால் மூன்று நாள் கிடக்கும், பிறகு மேலோட்டமாகப் பார்த்து ஓகே போடுவார்கள், பிழை அதில்தான் போகும். பெயர் மாற்றம், இடம் மாற்றம் எல்லாம் ஒரு மாற்றமாகவும் நடத்தை மாற்றம் தனியாகவும் பிரி. "நிட்" (சின்னத் திருத்தம்) என்று தொடங்கும் கமென்டுக்கு வாதாடாதே, மாற்றிவிட்டுப் போ. மற்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு வரியாவது பதில் எழுது.

சந்தேகம் கேட்பதற்கும் முறை உண்டு. "அண்ணா ஃப்ரீயா?" என்று தனி மெசேஜ் போட்டுவிட்டுக் காத்திருக்காதே. என்ன செய்யப் பார்த்தாய், என்ன பிழை வந்தது, எந்த இரண்டு வழியை முயன்றாய், லிங்க். டீம் சேனலிலேயே போடு. அரை மணி நேரம் தனியாக முட்டலாம், அரை நாள் முட்டக் கூடாது.

செட்டிகரை_பாய்ஸ்

ரொம்ப நன்றி அக்கா. ரேட்டிங் எப்படிப் போடுவார்கள்? கீழே இருக்கிற 10 சதவீதம் பேரைத் தூக்குவார்கள் என்கிறார்களே?

காலிப்ரேஷன்_ரூம்

கட்டாயப் பங்கீடு, அதாவது இத்தனை சதவீதம் பேர் கீழ் ரேட்டிங்கில் இருந்தே ஆக வேண்டும் என்பதை மைக்ரோசாஃப்ட் 2013-லேயே கைவிட்டது. பெயரளவில் பலரும் விட்டுவிட்டார்கள். ஆனால் போனஸ் பட்ஜெட் ஒரு அளவுதான், எல்லாருக்கும் மேல் ரேட்டிங் கொடுக்க முடியாது. பெயர் மாறினாலும் கணக்கு அங்கேதான் வந்து நிற்கும்.

நடப்பது இது: நீ சுய மதிப்பீடு எழுதுவாய். கூட வேலை செய்கிறவர்கள் இரண்டு மூன்று பேர் எழுதுவார்கள். மேனேஜர் ஒரு ரேட்டிங்கை உத்தேசமாகப் போட்டுக்கொண்டு மற்ற மேனேஜர்களோடு ஒரு ரூமில் உட்காருவார். ஒரு ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்தான். அந்த நேரத்தில் அவர் வாயில் வர வேண்டிய வாக்கியத்தை நீதான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

"பேமென்ட் சர்வீஸை மேம்படுத்தினேன்" என்றால் அங்கே யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். "பேமென்ட் அழைப்பில் மெதுவான 1%-க்கு ஆன நேரம் 820 மில்லிவிநாடியிலிருந்து 310; காரணம் ஒவ்வொரு அழைப்புக்கும் புது கனெக்‌ஷன் திறந்தது; பூல் (திறந்ததையே மறுபடி பயன்படுத்துகிற ஏற்பாடு) போட்டது நான், மற்ற இரண்டு டீம் அதே லைப்ரரியை எடுத்துக்கொண்டது" என்றால் எதிர்க்க ஆள் இருக்காது. இதை டிசம்பரில் நினைவிலிருந்து எழுத முடியாது. வெள்ளிக்கிழமை பத்து நிமிடம், அந்த வாரம் முடித்தது, எண், லிங்க்.

முதல் பதவி உயர்வு பொதுவாக ஒன்றரை முதல் இரண்டரை வருடத்தில். அடுத்த நிலையின் வேலையை ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறாய் என்று காட்டினால்தான் வரும், காத்திருந்ததற்காக வராது. மேனேஜர் மாறினால் ஆறு மாதம் பின்னால் போகும் என்று எடுத்துக்கொள். இது அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

மண்டிக்கணக்கு

ஆர்எஸ்யூ பக்கம் யாரும் வரவில்லை, நானே போடுகிறேன். பொதுவான முறை 4 வருடம்: முதல் வருடம் முடிந்ததும் 25%, பிறகு காலாண்டுக்கு 6.25%. அமேசான் மாதிரி சில இடத்தில் 5, 15, 40, 40 என்று பின்பாரமாக இருந்த திட்டங்களும் உண்டு, உன் லெட்டரில் அட்டவணை எது என்று பார். 24,000 டாலரைச் சேரும் நேரத்து விலையில் பங்கு எண்ணிக்கையாக மாற்றிவிடுவார்கள். அதற்குப் பிறகு ராயக்கோட்டை தக்காளி மாதிரிதான், விலை உன் கையில் இல்லை.

பங்கு உன் கணக்குக்கு வருகிற நாளில் அன்றைய மதிப்பு முழுவதும் சம்பளமாகக் கணக்காகும். கம்பெனியே கொஞ்சம் பங்கை விற்று வரி கட்டிவிடும். 31.2% பிடித்தால் 40 பங்கில் 12, 13 போகும். விற்கும்போது லாபத்துக்கு மட்டும் தனி வரி: அமெரிக்கப் பங்கு 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் 12.5%, குறைவாக என்றால் உன் ஸ்லாப். டிவிடெண்டில் அங்கே 25% பிடிப்பார்கள், படிவம் 67 போட்டால் இங்கே கழித்துக்கொள்ளலாம். வருமான வரி ரிட்டர்னில் ஐடிஆர்-1 போடக் கூடாது, ஐடிஆர்-2. அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் மார்ச் 31 இருப்பைக் காட்ட வேண்டும்.

தொப்பூர்_கணவாய்

கடைசி வரி தப்பு. வெளிநாட்டுச் சொத்து அட்டவணை காலண்டர் வருடக் கணக்கு, ஜனவரி 1 முதல் டிசம்பர் 31. டிசம்பர் 31 மதிப்பு, வருடத்தில் உச்ச மதிப்பு, இரண்டும் கேட்கும். ஸ்டேட் பாங்க்கின் டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர் (TT) வாங்கும் விகிதத்தில் ரூபாய்க்கு மாற்ற வேண்டும். பிப்ரவரியில் வந்த பங்கை அதே நிதியாண்டு ரிட்டர்னில் சம்பளமாகக் காட்டுவாய், ஆனால் அட்டவணையில் அடுத்த வருட ரிட்டர்னில்தான் வரும். நிறைய பேர் இங்கேதான் குழம்புகிறார்கள். காட்டாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் அபராதம். 2024 அக்டோபரிலிருந்து அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்தைத் தாண்டாவிட்டால் அந்த அபராதம் இல்லை, ஆனால் காட்ட வேண்டியது காட்ட வேண்டியதுதான்.

இன்னொன்று: புரோக்கர் கணக்கு, பிஎஃப், இரண்டிலும் சொந்த மெயிலும் சொந்த நம்பரும் போடு. வேலை போகிற நாளில் லேப்டாப் அரை மணி நேரத்தில் பூட்டப்படும். பேஸ்லிப், படிவம் 16, பங்கு வந்த ஸ்டேட்மெண்ட் எல்லாம் அதற்குள்ளே மாட்டிக்கொள்ளும். மாதா மாதம் சம்பளம் வந்ததும் உன்னுடைய காகிதங்களை இறக்கி வை. கம்பெனி கோட், டாக்குமெண்ட் எதையும் இறக்காதே, அது வேலையை விட்டே தூக்குகிற விஷயம்.

செட்டிகரை_பாய்ஸ்

கடைசியாக ஒன்று. ஆதாரில் "எம். குமார்" மாதிரி இனிஷியலோடு இருக்கிறது, பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகச் சேர்ந்திருக்கிறது. இது பிரச்னை ஆகுமா?

வத்தல்மலை

ஆகும். நம் ஆட்களுக்கு ஜாயினிங்கில் வருகிற முதல் தலைவலி இதுதான். பான் விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் கட்டாயம், இனிஷியல் ஏற்க மாட்டார்கள், அதனால் அப்பா பெயர் முழுதாகப் போகும். ஆதார், மார்க் ஷீட் எல்லாம் இனிஷியலோடு இருக்கும். பிஎஃப் ஆதாரைப் பார்க்கும், வரி பானைப் பார்க்கும், அமெரிக்கப் புரோக்கர் டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்லாதவருக்கான வரிப் படிவம்) படிவத்தில் பாஸ்போர்ட் பெயரைப் பார்ப்பார். மூன்றும் மூன்று மாதிரி என்றால் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் திரும்பி வரும்.

இன்னும் சேரவில்லை என்பதால் இப்போதே சரி செய். பாஸ்போர்ட் இருந்தால் அதை மூலமாக வை, இல்லையென்றால் பான். ஆதாரை அதற்கு ஏற்ப மாற்று, ஆதார் மையத்துக்குப் போகும்போது முழுப் பெயர் உள்ள ஆவணம் வேண்டும். வங்கிக் கணக்குப் பெயரையும் மாற்று. மார்க் ஷீட்டைத் தொட வேண்டாம், இனிஷியல் பெயரும் விரிந்த பெயரும் ஒரே ஆளுடையது என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் கேட்டால் நோட்டரியில் வாங்கிக்கொள். பின்னணிச் சரிபார்ப்புக்குப் படிவம் நிரப்பும்போது எல்லா இடத்திலும் ஒரே எழுத்துக்கூட்டல். ஆதார் பெயர் திருத்தம் வாழ்நாளில் இரண்டு முறைதான் அனுமதி. அதனால் ரசீது வாங்கும் முன் திரையில் ஒவ்வொரு எழுத்தையும் படித்துப் பார்.